அப்பாவை ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போன கதை

இந்த மாசி மாதம் அப்பாவை, இலங்கை மலையகத்தின் உச்சியில் தேசிய பூங்காவாக இருக்கும் ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு 71 வயது. ஓகியாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கவ்வாத்து வெட்டி, கான் (வடிகால்) வெட்டி, மருந்தடித்து ஓய்ந்தவர். எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், அந்தச் சமவெளியின் விளிம்பான உலக முடிவின் பாறைச் சுவர் தெரியும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும்போது அதில் மேகம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து அன்றைக்கு மழை வருமா வராதா என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தச் சுவருக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. "அது வெளிநாட்டுக்காரங்க பாக்குற இடம் புள்ள" என்பார்.

நான் பண்டாரவளைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளை இரண்டு தடவை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். அப்பாவைக் கூட்டிப் போக இத்தனை வருஷம் ஆனதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதையும் எழுதத்தான் போகிறேன்.

விடியற்காலை நாலரைக்கு வேனில் கிளம்பினோம். நான், அப்பா, எட்டு வயது மகன். ஓகியா ரயில் நிலையத்திலிருந்து மேலே பதினொரு கிலோமீட்டர் வளைவுப் பாதை. ஆறு மணிக்கு வாசலைத் திறக்கிறார்கள். சீக்கிரம் போய்விடுவது நல்லது. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி வந்தால் உலக முடிவில் நின்று வெள்ளைத் துணியைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். மாசியில் புல் நுனியெல்லாம் உறைபனி பிடித்திருந்தது. மகன் ஒரு புல்லைப் பிடுங்கி வாயில் வைத்துப் பார்த்தான்.

உள்ளே நடக்கத் தொடங்குமுன் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். பொலித்தீன், பிளாஸ்டிக் உறை எதுவும் உள்ளே போகக்கூடாது. பிஸ்கட் பக்கெட்டைக்கூடப் பிரித்து உறையை வாங்கிக்கொண்டு பிஸ்கட்டைக் கடதாசியில் சுற்றித் தருகிறார்கள். நான் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் வாழை இலையில் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் இதற்கெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே பொலித்தீனைத் தின்று மரைகள், அதாவது பெரிய காட்டு மான்கள், செத்திருக்கின்றன. சாப்பாட்டு வாசம் ஒட்டிய உறை மரைக்கு உணவுதான். அது வயிற்றிலேயே தங்கி அடைத்துவிடும். அந்தச் சோதனையைச் செய்யும் உத்தியோகத்தர்களுக்கு நான் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிவிட்டுத்தான் நடப்பேன். அன்றைக்கும் சொன்னேன்.

வாகனம் நிறுத்தும் இடத்திலேயே ஒரு பெரிய ஆண் மரை நின்றது. கொம்பு நன்றாகக் கிளைத்து, கழுத்து மயிர் ஈரமாக, மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஒரு வேனிலிருந்து இளைஞன் ஒருவன் பணிஸைப் பிய்த்து நீட்டினான். அது வந்து வாங்கித் தின்றது. எல்லோரும் கைப்பேசியை எடுத்தார்கள். நான் போய், கொடுக்காதீங்க தம்பி என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். நிறுத்திவிட்டான். அப்பா மரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "காட்டு மிருகத்துக்கு ஆளப் பாத்தா இருக்குற பயம் போயிருச்சின்னா அதுக்குச் சாவுதான்."

மூன்று தலைமுறையாக இந்தக் காட்டை ஒட்டி வாழ்ந்தவர்களில் ஒருவர் அவர். அவர் சொல்லும்போது எனக்குப் புத்தகத்தில் படித்ததைவிட அழுத்தமாகப் பட்டது.

இந்தச் சமவெளி தப்பிப் பிழைத்த கதையை நடந்துகொண்டே மகனுக்குச் சொன்னேன். எங்கள் முப்பாட்டன்மாரை இந்தியாவிலிருந்து கொண்டுவந்து இந்த மலைகளில் காட்டை வெட்ட வைத்தார்கள். முதலில் கோப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. அப்படியே மேலே மேலே வெட்டிக்கொண்டு போயிருந்தால் இதுவும் ஒரு தோட்டமாகியிருக்கும். 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர் ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள காட்டை வெட்டாமல் விடச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. 1969இல் இயற்கை ஒதுக்கிடம் ஆனது, 1988இல் தேசிய பூங்கா ஆனது, 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தது.

காடு தப்பியது, யானை தப்பவில்லை. ஒரு காலத்தில் இந்தப் புல்வெளியில் யானைகள் நடந்தன. வெள்ளைக்காரர்கள் விளையாட்டுக்காகச் சுட்டார்கள். பதுளைப் பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்பவர் மட்டும் 1,400 யானைகள்வரை கொன்றதாகச் சொல்கிறார்கள். 1845இல் நம்ம அப்புத்தளையில்தான் இடி விழுந்து செத்தார். இன்று இந்தச் சமவெளியில் ஒரு யானைகூட இல்லை. இங்கே இருக்கும் அழகான நீர்வீழ்ச்சிக்குப் பெயர் பேக்கர் நீர்வீழ்ச்சி. நாய்களை விட்டு இதே புல்வெளியில் மரை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெயர் அது. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. மகன் கேட்டான், "அப்ப ஏம்மா அவர் பேரை வச்சாங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பாதை ஒரு குட்டைக் காட்டுக்குள் நுழைந்தது. இங்கே மரங்கள் எல்லாம் காற்றுக்குக் கூனிப்போய், உடம்பு முழுக்கப் பாசி தொங்கிக்கொண்டு நிற்கும். மகன்தான் முதலில் கண்டான். "அம்மா, கொம்பு வச்ச ஓணான்!"

பாசி பிடித்த அடிமரத்தில், என் தோள் உயரத்தில், அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. என் நடுவிரல் நீள உடம்பு, அதற்குமேல் நீண்ட வால். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், பாசிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூக்கு நுனியில் மட்டும் வெள்ளையாக ஒரு கொம்பு, பென்சில் கூர் மாதிரி நேராக நீட்டிக்கொண்டிருந்தது. ஆணுக்குத்தான் கொம்பு பெரிதாக இருக்குமாம். ஒரு கண் எங்களைப் பார்த்துத் திரும்பியது. மற்றபடி எந்த அவசரமும் இல்லை. முன்காலைத் தூக்கியது, நடுவிலேயே நிறுத்தியது, பிறகு வைத்தது. அந்த ஓர் அடியை எடுத்து வைக்க அதற்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். இந்தக் கொம்பு ஓணான் வகைகள் ஆறு உண்டு, ஆறுமே இலங்கையைத் தவிர உலகத்தில் எங்கும் கிடையாது. இந்த வகை இந்தக் குளிர் மலைகளில் மட்டும்தான் வாழும். அழியும் ஆபத்தில் இருக்கிறது.

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நாங்க சின்னதுல மானாப் புல்லுல சுருக்குப் போட்டு ஓணான் புடிப்போம்" என்றார். "கழுத்துல மாட்டி இழுத்தா அப்பிடியே வந்துரும்." சொல்லிவிட்டு விரலைக் காற்றில் வளையமாக்கிக் காட்டினார். அந்த விரல் வளையத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கையை உடனே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சரி, சொல்லிவிடுகிறேன்.

1993இல் எனக்குப் பதினொரு வயது. லயத்துக்குப் பின்னால் காட்டை ஒட்டி அப்பாவுக்கு ஒரு துண்டு மரக்கறித் தோட்டம் இருந்தது. போஞ்சி, லீக்ஸ், கொஞ்சம் உருளைக்கிழங்கு. தோட்டச் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட முடியாது, அந்தத் துண்டு நிலம்தான் எங்கள் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் காசு. காட்டுப்பன்றி ஒரே இரவில் எல்லாவற்றையும் உழுதுவிட்டுப் போகும். அப்பா பன்றிக்காகக் கம்பிச் சுருக்கு வைத்தார். எல்லாரும் வைத்தார்கள். மோட்டார் சைக்கிள் கிளச் கம்பி, சைக்கிள் பிரேக் கம்பி, எது கிடைத்தாலும்.

ஒரு நாள் நடுச்சாமத்தில் சத்தம் கேட்டது. மரம் அறுப்பது போல, இழுத்து இழுத்து. நாய்களெல்லாம் குரைக்காமல் காம்பிராவுக்குள் ஓடி வந்துவிட்டன. விடிந்து போய்ப் பார்த்தால் சிறுத்தை. கம்பி அதன் இடுப்பில் விழுந்திருந்தது. பன்றியின் கழுத்து உயரத்துக்கு வைத்த சுருக்குக்குள் சிறுத்தை தலையையும் முன்காலையும் நுழைத்துவிடும், அப்புறம் இடுப்பில்தான் இறுகும். இழுக்க இழுக்க உள்ளே வெட்டும். சுற்றியிருந்த மண்ணும் செடியும் அது புரண்டதில் வட்டமாகத் தேய்ந்து போயிருந்தது. லயமே கூடி நின்றது. யாருக்கும் கிட்டப் போக முடியவில்லை. காப்பாற்ற ஆட்கள் வருமுன்னே அது அடங்கிவிட்டது. பெட்டை. மடியில் பால் இருந்தது.

அது யாருடைய கம்பி என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. மறுநாள் அப்பா எல்லை முனியாண்டி கோயிலில் சூடம் கொளுத்திவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் சுருக்கு வைத்ததே இல்லை. அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. குட்டிகள் எங்கே இருந்தன, என்ன ஆயின என்று நான் மட்டும் பல வருஷம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நேரம், நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை இதே மாதிரிக் கம்பியில் மாட்டியது. பலருக்கும் ஞாபகம் இருக்கும். உயிரோடு மீட்டு உடவலவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். மூன்று நாளில் செத்துவிட்டது. செய்தியில் அதைக் காட்டியபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

உடவலவை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். போன ஆகஸ்ட் விடுமுறையில் மகனை அங்கே யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். மலையிலிருந்து பெரகலை வழியாக இறங்கிவிட்டால் அரை நாளில் போய் வரலாம். 1995இல் வனஜீவராசிகள் திணைக்களம் தொடங்கியது அது. தாயை இழந்த, கிணற்றில் விழுந்த, சூடுபட்ட குட்டிகளை அங்கே வளர்த்து, ஐந்து வயது அளவில் திரும்பவும் காட்டிலேயே விடுகிறார்கள். அப்படிக் காட்டுக்குப் போனவை நூறுக்கும் மேல். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். கதவைத் திறந்ததும் குட்டிகள் காதை விரித்துக்கொண்டு ஓடி வருகின்றன. புனல் வைத்த குழாயை வாய்க்குள் விட்டுப் பாலை ஊற்றுகிறார்கள். குடித்து முடித்த குட்டி போக மாட்டேன் என்று நின்று அடம்பிடிக்கும். நாம் தூரத்து மேடையில் இருந்துதான் பார்க்கலாம். தொடவோ, ஊட்டவோ, ஏறிப் படம் எடுக்கவோ விடமாட்டார்கள். மகனுக்கு அதில் வருத்தம். எனக்கு அதுதான் அந்த இடத்தில் ஆகப் பிடித்த விஷயம். மனிதன் கையைப் பழகிய குட்டி காட்டில் பிழைக்காது. யானை முதுகில் ஏற்றும் இடங்களுக்கு நான் காசு கொடுத்துப் போவதே இல்லை, என் பாடசாலைப் பிள்ளைகளையும் கூட்டிப் போவதில்லை. அன்றைக்கு வந்த குட்டிகளில் ஒன்று நொண்டிக்கொண்டு கடைசியாக வந்தது. பின்னங்காலைச் சுற்றி, வளையல் போட்ட மாதிரி ஒரு தழும்பு. எதனால் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

மறுபடி ஹோட்டன் சமவெளிக்கு வருகிறேன். உலக முடிவுக்கு எட்டரை மணிக்கெல்லாம் போய்விட்டோம். 800 மீட்டருக்கும் மேலான நேர்க் கிடங்கு. மூடுபனி இன்னும் ஏறவில்லை. கீழே தேயிலை மலைகள் பச்சைப் பாய் விரித்தது போலக் கிடந்தன. அப்பா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தேடினார். "அந்தா, ஃபெக்டரி. அதுக்குக் கீழ பாரு, நம்ம லயம்." தகரக் கூரை ஒன்று தீக்குச்சி அளவுக்கு மின்னியது. ஐம்பது வருஷம் கீழேயிருந்து மேலே பார்த்தவர், முதல் தடவையாக மேலேயிருந்து கீழே பார்க்கிறார். அதுவும் லயத்தை இல்லை, லயத்துக்குப் பின்னால் காடு தேயிலைக்குள் நாக்கு நீட்டுவது போல இறங்கும் இடத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். "இந்தக் காடும் அந்தக் காடும் ஒண்ணுதான் போல" என்றார்.

எனக்கு அதைக் கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் ஆசை. பூங்காவுக்கு 3,160 ஹெக்டயர் என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அந்த எல்லை சிறுத்தைக்குத் தெரியாது. இரவில் இங்கே மரையைப் பிடிக்கிறது, இன்னோர் இரவில் கான் வழியாக இறங்கிக் கொழுந்து மலைக்குள் நடக்கிறது, பன்றியோ கேளையாடோ லயத்து நாயோ கிடைத்ததைத் தின்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலைத் தூருக்கு அடியில் குட்டிகளைக் காண்பது எங்கள் பக்கம் புதிதில்லை. சிங்கமோ வேங்கையோ இல்லாத இந்தத் தீவில் காட்டுக்குத் தலை சிறுத்தைதான். 2020இல் அதை, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் ஒரு படி குறைந்த ஆபத்து நிலைக்கு மாற்றினார்கள். அதைக் கேட்டு நிம்மதி அடைய என்னால் முடியவில்லை. பூங்காவுக்குள் அதைப் பார்க்க உலகத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதே சிறுத்தை இரண்டு மைல் கீழே இறங்கினால் கிளச் கம்பி காத்திருக்கிறது. காட்டு மிருகங்களைக் காக்க 1937இலேயே சட்டம் வந்துவிட்டது. கம்பி இன்னும் போகவில்லை.

சுருக்கு வைப்பவரைத் திட்டி எழுத என்னால் முடியாது, ஏனென்றால் அவர் என் அப்பா. பன்றி தின்ற போஞ்சிக்கு யாரும் காசு தருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

திரும்பி வரும் வழியில், புல்வெளி ஓரத்தில், பாதை நடுவிலேயே கழிவு கிடந்தது. காய்ந்து வெளுத்து, முறுக்கிய கயிறு மாதிரி. அப்பா ஒரு குச்சியால் மெல்ல உடைத்தார். உள்ளே முழுக்க முரட்டு மயிர், ஒரு துண்டுக் குளம்பு. "மரை தின்னிருக்கு. நல்ல பெரிய புலி" என்றார். எங்கள் பக்கம் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சந்தோஷம் வந்தது. மகன் சிறுத்தையையே பார்த்துவிட்டது போலக் குதித்தான். நாங்கள் சிறுத்தையைப் பார்க்கவில்லை. அதிகாலையிலோ மாலையிலோ அதிர்ஷ்டம் இருந்தால்தான் உண்டு.

இன்னொன்றையும் நாங்கள் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இந்தக் காட்டில் ஒரு தேவாங்கு இருக்கிறது. ஒல்லியான பிள்ளையைத் தேவாங்கு என்று திட்டுகிறோமே, அந்தத் தேவாங்கின் மலைநாட்டு வகை. குளிருக்கு உடம்பெல்லாம் அடர்த்தியான மயிர், கை கால் குட்டை. 1939க்குப் பிறகு அறுபது வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 2002இல் ஒரு தடவை தென்பட்டது. அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் இரவிரவாகத் தேடிப் படமும் எடுத்தார்கள், 2010இல் அது உலகச் செய்தியானது. தேவாங்கு கத்தினால் சாவு விழும் என்று அம்மாயி சொல்லி எங்களை உள்ளே விரட்டுவார். பாவம் அந்தப் பிராணி. அதன் கண்ணை மருந்துக்கும் வசியத்துக்கும் என்று எடுத்திருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்ன நாளிலிருந்து என் பிள்ளைகள் ஒருவரையொருவர் அந்தச் சொல்லால் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அது எனக்குப் பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அப்பா ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு, "வாறியா புள்ள, மேல ஒரு சுத்துச் சுத்திட்டு வருவோம்" என்றார். தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஓரமாகவே நடந்தோம். எந்த இடத்தில் பன்றி நுழையும், எந்த மரத்தில் கம்பியைக் கட்டுவார்கள், மறைக்க எந்தக் குழையை வெட்டிப் போடுவார்கள் என்று அவருக்கு அத்தனையும் தெரிந்திருந்தது. இரண்டு மணி நேரத்தில் மூன்று சுருக்கு. மூன்றாவதை மரத்திலிருந்து பிரிக்க அவர் விரலால் முடியவில்லை, நான்தான் பிரித்தேன். கம்பி துருவேறாமல் புதிதாக இருந்தது. யார் வைத்தது என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இப்போது ஞாயிறு தோறும் போகிறார். பக்கத்து லயத்து இரண்டு பையன்களும் கூடப் போகிறார்கள்.

நேற்று இரவும் பன்றி வந்தது. இரண்டு வரிசைப் போஞ்சி போய்விட்டது. அப்பா தகரத்தைத் தட்டிக்கொண்டு விடியும்வரை தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.